செத்துப்போன குதிரை மேல் போட்ட பழி



கொஞ்சம் நீளமான பதிவு. காப்பியோ டீயோ கையில் வைத்துக்கொண்டு உட்காருங்கள். வழக்கமாக நம் பள்ளிக்கூடத்து வேப்பமரம், பழைய ஆண்டுவிழா போட்டோ என்று ஏதாவது போடுவேன். இன்றைக்குக் குதிரை. சிரிக்க வேண்டாம். அய்யனார் கோயில் மண்குதிரையைத் தவிர வேறு குதிரைப் பக்கம் நான் போனதில்லை என்பது என்னிடம் படித்த எல்லாருக்கும் தெரியும்.

போன சனிக்கிழமை எங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் ஒரு வீடியோ வந்தது. போட்டவர் எனக்கு மாமா முறை. எழுபத்தைந்து தாண்டியவர், நான் மதிக்கிறவர். பெயர் வேண்டாம். வீடியோவில் அப்போதுதான் பிறந்த ஒரு குதிரைக்குட்டி. அதன் தோல் நனைந்த காகிதம் மாதிரி கிழிந்து தொங்குகிறது. என்னால் முழுதாகப் பார்க்க முடியவில்லை. பின்னால் ஒரு கனத்த குரல். ஐரோப்பாவின் விலை உயர்ந்த பந்தயக் குதிரைகளுக்கு இந்தச் சாபம் வந்ததே டார்க் ரொனால்ட் என்ற ஒற்றை ஆண் குதிரையால்தானாம். நூறு வருஷத்துக்கு முன்னால் வாழ்ந்த அதன் கெட்ட விதை இன்றுவரை குட்டிகளைக் கொல்கிறதாம். ஆகவே மக்களே, பெண் எடுக்குமுன்னும் கொடுக்குமுன்னும் ஏழு தலைமுறை விசாரியுங்கள் என்று முடிகிறது. குதிரையில் ஆரம்பித்து கல்யாணத்தில் வந்து நிற்கிறது!

கீழே மாமா தன் பங்குக்கு ஒரு வரி சேர்த்திருந்தார்: யோசிக்க வேண்டியவர்கள் யோசிக்கவும் என்று. யார் யோசிக்க வேண்டும் என்பது குழுவில் எல்லாருக்கும் தெரியும். நம் வீட்டுப் பையன் ஒருவனுக்கு ஒரு பெண் பார்த்து, பேச்சு பாதியில் நிற்கிறது. அந்தப் பெண்ணின் தம்பிக்குப் பிறவியிலேயே நடக்க முடியாது. விஷயம் அவ்வளவுதான். வீடியோவுக்கு முப்பது கட்டைவிரல் விழுந்தது. என் தங்கையும் அந்தக் குழுவில் இருக்கிறாள். அவள் எதையும் அழுத்தவில்லை. அதனால்தான் நான் எழுத உட்கார்ந்தேன்.

முதலில் எனக்கும் அந்த வீடியோ உண்மை மாதிரித்தான் இருந்தது. குட்டி உண்மை, நோய் உண்மை, டார்க் ரொனால்ட் என்று ஒரு குதிரை இருந்ததும் உண்மை. நாமக்கல்லில் கால்நடை மருத்துவம் படித்த என் பழைய மாணவி ஒருத்தியிடம் கேட்டேன். அவள் சிரித்துக்கொண்டே, சார், அந்தக் குதிரை நிரபராதின்னு நிரூபிச்சு வருஷக்கணக்காச்சு, என்றாள். ஆய்வுக் கட்டுரைகளையும் அனுப்பினாள். ஆசிரியர் பயிற்சிப் பட்டயம் படித்த எனக்கு அந்த ஆங்கிலம் லேசில் ஏறவில்லை. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு நாலு நாள் படித்தேன். புரியாத இடத்தில் அவளுக்குப் போன் போட்டேன். மூன்றாம் வகுப்பில் அவளுக்கு வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தது வீண் போகவில்லை.

இனி அந்தக் குதிரையின் கதை.

டார்க் ரொனால்ட் 1905இல் அயர்லாந்தில் பிறந்தது. தகப்பன் பே ரொனால்ட், தாய் டார்க்கி. இரண்டு பெயரையும் ஒட்டி இதற்குப் பெயர் வைத்துவிட்டார்கள், நம் ஊரில் தாத்தா பாட்டி பெயரைச் சேர்த்து வைப்பது மாதிரி. தரோபிரெட் என்னும் இங்கிலீஷ் பந்தயக் குதிரை ஜாதி. 1909இல் ஆஸ்காட் மைதானத்தில் ராயல் ஹன்ட் கப் ஜெயித்தது. பிறகு பொலிகுதிரையாக விட்டார்கள். பொலிகாளை என்று நாம் சொல்கிறோமே, அதேதான். 1913இல் பிரஷ்ய அரசு 25,000 பவுண்டு கொடுத்து அதை வாங்கி ஜெர்மனிக்குக் கொண்டுபோனது. அந்தக் காலத்து 25,000 பவுண்டு! அடுத்த வருஷம் உலகப் போர் மூண்டது. குதிரையை விற்ற நாடும் வாங்கிய நாடும் ஒன்றை ஒன்று சுட்டுக்கொண்டிருந்தபோது, டார்க் ரொனால்ட் ஜெர்மன் லாயத்தில் குட்டிகளுக்குத் தகப்பனாகிக்கொண்டிருந்தது.

அந்தக் குட்டிகள் என்ன செய்தன என்று பாருங்கள். மகன் ஹெரோல்ட் 1920இல் ஜெர்மன் டெர்பி ஜெயித்தது. ஹெரோல்டின் மகன் அல்கிமிஸ்ட் 1933இல் அதே டெர்பி. அல்கிமிஸ்டின் மகள் ஸ்வார்ஸ்கோல்ட் 1940இல், மகன் பிர்க்கான் 1948இல், அதே டெர்பி. போர், பஞ்சம், நாடு இரண்டாக உடைந்தது, எல்லாவற்றுக்கும் நடுவில் ஒரே குடும்பம். இங்கிலாந்திலேயே விட்டுவிட்டு வந்த இன்னொரு மகன் சன்-இன்-லா. பெயரைத் தமிழில் சொன்னால் மாப்பிள்ளை! அந்த மாப்பிள்ளை நெடுந்தூரம் ஓடும் குதிரைகளுக்குத் தகப்பனாக இங்கிலாந்தில் கொடிகட்டிப் பறந்தது.

வீடியோக்காரர் பந்தயக் குதிரை என்கிறார். முதல் தப்பு அங்கேயே. தோல் கிழியும் நோய் பெரிதும் காணப்படுவது வார்ம்பிளட் குதிரைகளில். வார்ம்பிளட் என்றால் ரத்தம் சுடும் என்று அர்த்தமில்லை. அரபுக் குதிரை, தரோபிரெட் போன்ற துடிப்பானவற்றை ஹாட்பிளட் என்பார்கள். வண்டியும் ஏரும் இழுக்கும் கனத்த குதிரைகளைக் கோல்ட்பிளட் என்பார்கள். இரண்டுக்கும் நடுவில் இருப்பது வார்ம்பிளட். ஒலிம்பிக்கில் கட்டை தாண்டுகிறதே, சவாரிக்காரர் காலை லேசாக அசைத்ததும் அளந்து அளந்து அடி வைக்கிறதே, அவை பெரும்பாலும் இந்த ரகம். ஹனோவர், ஹோல்ஸ்டைன், ஓல்டன்பர்க் என்று ஜெர்மனியில் ஒவ்வொரு வட்டாரத்துக்கும் தனித்தனி வம்சாவளிப் பதிவேடு உண்டு. செல்லே என்ற ஊரில் உள்ள அரசுப் பொலிகுதிரைப் பண்ணை 1735இல் தொடங்கியது. நம் ஊரில் கட்டபொம்மன் பிறப்பதற்கும் முந்தியது என்று கணக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் இந்தக் குதிரைகளுக்கு வேலை போய்விட்டது. பட்டாளத்தில் லாரி வந்தது, வயலில் டிராக்டர் வந்தது. நம் காளைகளுக்கு வந்த கதிதான். அப்போது அங்கே குதிரை வளர்த்தவர்கள் சும்மா உட்காரவில்லை. ஏர் இழுத்த குதிரையை விளையாட்டுக் குதிரையாக மாற்றக் கிளம்பினார்கள். கனத்த உடம்பை இளைக்க வைக்க, கால் நீள, துடிப்பு வர, தரோபிரெட் பொலிகுதிரைகளைச் சேர்த்தார்கள். பதிவேட்டில் அவற்றின் பெயருக்குப் பின்னால் இரண்டு எக்ஸ் போட்டிருக்கும், நம் பெயருக்குப் பின்னால் பட்டம் போடுவது மாதிரி. அப்படி வந்த தரோபிரெட்டுகள் பலவற்றின் வம்சாவளியில் எங்கேயாவது ஓர் இடத்தில் டார்க் ரொனால்ட் இருக்கும்.

எனக்குப் பிடித்த ஒரு சங்கிலி சொல்கிறேன். டார்க் ரொனால்டின் மகன் சன்-இன்-லா. அதன் மகள் மாரீன். மாரீனின் மகன் ஃபியூரியோசோ. அது பிரான்சுக்குப் போனது. ஃபியூரியோசோவின் மகன் லுத்தேர் பே. 1964 டோக்கியோ ஒலிம்பிக்கில் பியேர் ஜோன்கேர் தொரியோலா என்ற பிரெஞ்சு வீரர் இந்தக் குதிரை மேல் உட்கார்ந்து தாண்டும் போட்டியில் தனிநபர் தங்கம் வாங்கினார். அதே ஃபியூரியோசோவின் இன்னொரு மகன், இரண்டாம் ஃபியூரியோசோ, ஓல்டன்பர்க்குக்குப் போய் அங்கே ஒரு பெரிய வம்சத்துக்குத் தலைவனானது. வீடியோவில் இதெல்லாம் ஒரு வார்த்தை கிடையாது. தங்கம் வாங்கியபோது கொள்ளுத்தாத்தாவின் அப்பனைக் கூப்பிட்டு யாரும் மாலை போடவில்லை. குட்டி செத்தபோது மட்டும் கூப்பிட்டார்கள்.

நோய்க்கு வருகிறேன். நம் தோலும் மூட்டும் தளராமல் இறுக்கமாக இருக்கக் காரணம் கொலாஜன் என்ற புரதம். கயிறு திரிப்பது மாதிரி அந்த இழைகள் ஒன்றோடு ஒன்று பின்ன வேண்டும். பின்னுவதற்கு வழி செய்யும் ஒரு நொதிக்குரிய மரபணுவில் ஒரே ஒரு எழுத்து மாறிவிட்டால் கயிறு முறுக்கேறாது. அப்படிப் பிறக்கும் குட்டிக்குத் தோல் தொட்டாலே கிழியும், மூட்டுகள் திசை தவறி வளையும். பிழைக்காது. வலி தெரியாமல் ஊசி போட்டு அனுப்பிவைப்பதைத் தவிர மருத்துவருக்கு வேறு வழி இல்லை. சில குட்டிகள் வயிற்றிலேயே கலைந்துவிடும்.

ஆனால் இது ஒடுங்கு பண்பு. உங்களில் பலர் பத்தாம் வகுப்பில் மெண்டலின் பட்டாணியைப் படித்திருப்பீர்கள். நான் எடுத்தது எட்டாம் வகுப்பு வரைதான். என் மகளின் புத்தகத்தில்தான் நானே அதைப் படித்தேன். ஒவ்வொரு மரபணுவுக்கும் இரண்டு பிரதி உண்டு, ஒன்று தகப்பனிடமிருந்து, ஒன்று தாயிடமிருந்து. ஒரு பிரதி மட்டும் பழுது என்றால் ஒன்றும் ஆகாது. குதிரை ஓடும், தாண்டும், பரிசு வாங்கும். பழுதைச் சுமந்துகொண்டிருக்கும், அவ்வளவுதான். சுமக்கும் தகப்பனும் சுமக்கும் தாயும் சேரும்போதுதான் நாலில் ஒரு வாய்ப்பு, குட்டிக்கு நோய். வார்ம்பிளட் குதிரைகளில் ஏறக்குறைய பத்தில் ஒன்று சுமக்கிறது என்கிறார்கள். கணக்குப் போடுங்கள். பத்தில் ஒன்றும் பத்தில் ஒன்றும் பெருக்கினால் நூறில் ஒன்று. அதில் கால் பங்கு நானூறில் ஒன்று. கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தால் நானூறு சினையில் ஒன்று இப்படிப் போகும். கண்ணைத் திறந்துகொண்டு சேர்த்தால் ஒன்றுகூடப் போகாது. ஏனென்றால் இரண்டு பக்கத்துக்கும் பரிசோதனை இருக்கிறது. பிடரி மயிரில் நாலைந்து வேரோடு பிடுங்கி ஆய்வகத்துக்கு அனுப்பினால் போதும்.

இந்த இடத்தை இரண்டு தடவை படியுங்கள், மாமா. ஒரு குட்டி இந்த நோயோடு பிறக்க வேண்டுமானால் பழுது இரண்டு பக்கத்திலிருந்தும் வர வேண்டும். ஒரு பக்கத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வழியே கிடையாது.

அப்படியானால் டார்க் ரொனால்ட் பெயர் எப்படி வந்தது? சுமக்கும் குதிரைகளின் வம்சாவளிகளைப் பரப்பி வைத்துப் பார்த்தார்கள். போகிற வழியெல்லாம் டார்க் ரொனால்ட் நின்றது. ஆஹா, பிடித்துவிட்டோம் என்றார்கள். நியாயமாகத் தோன்றுகிறது இல்லையா? எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஒரு உதாரணம் சொல்கிறேன். நம் பள்ளிக்கூடத்தில் ஒரே ஒரு அடிகுழாய் இருந்தது. கணக்கில் தோற்ற பிள்ளைகளை எல்லாம் நிறுத்தி எங்கே தண்ணீர் குடித்தாய் என்று கேட்டால் எல்லாரும் அந்த அடிகுழாயைத்தான் கை காட்டுவார்கள். உடனே, கணக்கு வராததற்கு அந்தத் தண்ணீர்தான் காரணம் என்று தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லலாமா? தேறிய பிள்ளைகளையும் நிறுத்திக் கேட்க வேண்டாமா? அவர்களும் அதே அடிகுழாய்த் தண்ணீர்தானே குடித்தார்கள்!

டார்க் ரொனால்ட் அந்த அடிகுழாய். நோயைச் சுமக்கும் குதிரையின் வம்சத்திலும் இருக்கும், சுமக்காத குதிரையின் வம்சத்திலும் இருக்கும். குதிரைக்குத் தலைமுறைக்குப் பத்து வருஷம் என்று வையுங்கள். 1905க்கும் இப்போதைக்கும் நடுவே பத்துத் தலைமுறைக்கு மேல். பத்தாவது படியில் ஒரு குதிரைக்கு 1024 மூதாதை இடங்கள். நம்ப முடியாவிட்டால் இரண்டைப் பத்துத் தடவை பெருக்கிப் பாருங்கள். அந்த 1024இல் இருந்து ஒன்றை மட்டும் விரல் நீட்டிக் காட்டுவதற்கு ஒரே தகுதி, அதன் பெயர் நமக்குத் தெரிந்திருந்தது என்பதுதான். பெயர் தெரியாத பெட்டைக் குதிரைகள் எத்தனை அந்தப் பட்டியலில் இருந்திருக்கும்! புகழ்பெற்றவன் மேல் பழி போடுவது சுலபம், செத்துப்போனவன் மேல் போடுவது அதைவிடச் சுலபம்.

ஆனால் இந்தக் குதிரை விஷயத்தில் ஒரு அதிசயம் நடந்தது. டார்க் ரொனால்ட் 1928இல் செத்தபோது அதன் தோலைப் பாடம் செய்து ஹாலே நகரத்துப் பல்கலைக்கழக அருங்காட்சியகத்தில் வைத்திருந்தார்கள். ஹிட்லர் வந்தான், போனான். ஊர் கிழக்கு ஜெர்மனியில் சேர்ந்தது, மறுபடி ஒரே ஜெர்மனி ஆனது. தோல் அங்கேயே இருந்தது. ஆய்வாளர்கள் அந்தத் தோலிலிருந்து ஒரு துளி எடுத்து டி.என்.ஏ. பிரித்து அந்த ஒற்றை எழுத்தைப் படித்தார்கள். 2020இல் முடிவை வெளியிட்டார்கள். இரண்டு பிரதியும் சுத்தம். இந்தப் பழுது டார்க் ரொனால்டிடம் இல்லவே இல்லை. இல்லாத ஒன்றை அது யாருக்குக் கொடுத்திருக்க முடியும்?

செத்து 92 வருஷம் கழித்துத் தன் தோலைக் கொடுத்துத் தன் பெயரைக் காப்பாற்றிக்கொண்டது அந்தக் குதிரை. இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை என்றால் நம்புவீர்களா?

எதிர்த்துப் பேச வருகிறவர்கள் வருவார்கள், அதனால் அவர்கள் பக்கத்தையும் நானே சொல்லிவிடுகிறேன். தரோபிரெட் குதிரைகளிலும் இந்தப் பழுது கொஞ்சம் இருக்கிறது என்று பிறகு தெரிந்தது. அந்த ஜாதியிலும் ஒரு குட்டி இதே நோயால் போனது. ஆகவே அந்தப் பக்கம் சந்தேகப்பட்டது முழுப் பைத்தியக்காரத்தனம் இல்லை. 2021இல் ஹனோவர் ஆய்வாளர்கள், ஹனோவர் குதிரைகளில் எஃப், டபிள்யூ என்ற எழுத்துகளில் பெயர் தொடங்கும் ஒரு குறிப்பிட்ட தந்தைவழிக்கு இந்தப் பழுது பரவியதில் பங்கு உண்டு என்று காட்டினார்கள். வம்சம் என்பதே பொய் என்று நான் சொல்ல வரவில்லை. பண்பும் பழுதும் வம்சத்தில்தான் வரும். ஆனால் அவர்கள் பெயரைப் பார்த்து விரல் நீட்டவில்லை. ஒவ்வொரு குதிரையாகப் பரிசோதித்துப் பார்த்துச் சொன்னார்கள். அந்த வம்சத்திலேயே பழுது இல்லாத குதிரைகளும் உண்டு. சுமக்கும் தகப்பனுக்குப் பிறக்கும் பிள்ளையிடம் பழுது போகவும் பாதி வாய்ப்பு, போகாமலிருக்கவும் பாதி வாய்ப்பு. காசு சுண்டுவது மாதிரி. பூவா தலையா என்று பார்க்காமலே, இந்தக் காசு பூ விழும் குடும்பத்துக் காசு என்று சொல்வதைத்தான் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

சரி, டார்க் ரொனால்ட் இல்லை என்றால் யார் குற்றவாளி? இங்கேதான் எனக்குக் கோபம் வருகிறது. முதல் பழுது எங்கோ ஒரு குதிரையில் தானாக வந்தது. யாருடைய பாவமும் இல்லை. ஒரு குதிரையில் வந்தது பத்தில் ஒன்றுக்குப் பரவியது எப்படி? மனிதன் பரப்பினான். சினை ஊசி வந்த பிறகு ஒரு பொலிகுதிரை தன் லாயத்தை விட்டு நகராமலே ஒரு வருஷத்தில் நூற்றுக்கணக்கான பெட்டைகளுக்குத் தகப்பனாகலாம். விந்து உறைய வைத்து விமானத்தில் போகும். செத்த பிறகும் குட்டி பிறக்கும். எல்லாரும் அந்த வருஷத்துச் சாம்பியனின் ஊசியையே கேட்பார்கள், தீபாவளிக்கு எல்லாரும் ஒரே கலர் புடவை எடுப்பது மாதிரி. அந்தச் சாம்பியன் பழுதைச் சுமந்தால் அதன் பிள்ளைகளில் பாதி சுமக்கும். சுமக்கும் பேரனுக்குச் சுமக்கும் பேத்தியைச் சேர்க்கும்போது நாலில் ஒன்று. ஸ்வீடனில் நடந்த ஓர் ஆய்வில், இந்தப் பழுதைச் சுமக்கும் குதிரைகள் நடை அழகில் மற்றவற்றைவிடச் சற்று மேலாகவே இருந்தனவாம். ஆக, மனிதன் நடையைப் பார்த்து மயங்கித் தேர்ந்தெடுத்தான், கூடவே பழுதும் வந்தது. குதிரை யாரையும் ஏமாற்றவில்லை.

இன்னொன்று. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் இந்த மரபணுவைக் கண்டுபிடித்து 2013 வாக்கிலேயே பரிசோதனை வந்துவிட்டது. பல பதிவேட்டு அமைப்புகள் பொலிகுதிரைகளுக்கு அதைக் கட்டாயமாக்கியது 2018இல் அமெரிக்காவில் ஒரு குட்டி செத்து, அதன் சொந்தக்காரர் வாயை மூடிக்கொள்ளாமல் ஊரறியச் சொன்ன பிறகுதான். நடுவில் ஐந்து வருஷம். கையில் டார்ச் லைட் இருந்தும் இருட்டிலேயே நடந்தார்கள். ஏன்? சுமக்கிறது என்று தெரிந்தால் ஊசி விற்காது என்ற பயம். பழுதைவிட பழுது என்ற பெயருக்குப் பயம். எனக்கு இது எங்கேயோ பார்த்த கதை மாதிரி இருக்கிறது. உங்களுக்கு?

இத்தனைக்கும் சுமக்கும் குதிரையை ஒதுக்கவேண்டிய அவசியமே இல்லை. சுமக்காத பெட்டையோடு சேர்த்தால் நோயுள்ள குட்டி பிறக்கவே பிறக்காது. இதை அந்த அமைப்புகளே இப்போது சொல்கின்றன. ஒதுக்காதே, தெரிந்துகொண்டு சேர் என்கிறார்கள். ஆயிரக்கணக்கான யூரோ விலையுள்ள குதிரைக்கே அந்த மரியாதை இருக்கிறது.

இப்போது என் வீட்டு விஷயம். இதை நான் இதுவரை எங்கேயும் எழுதியதில்லை. தங்கையிடம் நேற்றே போன் செய்து கேட்டுவிட்டேன், எழுதலாமா என்று. எழுதுண்ணா என்றாள்.

அவளை எங்கள் அத்தை மகனுக்குக் கொடுத்தோம். சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று. முதல் குழந்தை பிறந்து ஒன்பதாம் நாள் போய்விட்டது. எதனால் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, உங்க வீட்டு ரத்தம் சரியில்லை என்று வார்த்தை வந்தது. யார் சொன்னார்கள் என்பது இப்போது முக்கியமில்லை, அவர்களும் இல்லை. அடுத்த குழந்தை பிறக்க ஆறு வருஷம் ஆனது. அந்த ஆறு வருஷமும் அவள் வளைகாப்புக்குப் போகமாட்டாள், ஆரத்தி எடுக்கமாட்டாள், குழந்தையைத் தூக்கிக் கொடுத்தால் பின்னால் நகர்ந்துவிடுவாள். அப்போது நான் வேலையில் இருந்த வாத்தியார். ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் நியாயம் சொன்னவன். என் தங்கைக்காக ஒரு வார்த்தை பேசவில்லை. எனக்கும் உள்ளுக்குள் அந்தச் சந்தேகம் இருந்தது. நம் வீட்டில்தான் ஏதோ இருக்குமோ என்று.

அத்தை மகன் என்றால் என்ன? அவன் அம்மா என் அப்பாவின் கூடப்பிறந்தவள். ரத்தம் சரியில்லை என்ற வார்த்தை வந்த வீட்டில் ஓடியதும் எங்கள் தாத்தா ரத்தம்தான்! மெண்டலின் கட்டத்தைப் போட்டுப் பார்த்தால் ஐந்து நிமிஷத்தில் தெரிந்திருக்கும். ஒருவேளை அந்தக் குழந்தைக்கு வந்தது இப்படிப்பட்ட ஒடுங்கு பண்பு நோயாகவே இருந்திருந்தாலும், அதில் பாதி அவளிடமிருந்து, பாதி அவனிடமிருந்து. இரண்டும் ஒரே தாத்தாவிடமிருந்துகூட வந்திருக்கலாம். பெண் வீடு என்ன, மாப்பிள்ளை வீடு என்ன? ஆனால் பழியை மட்டும் முழுசாக ஒருத்தி சுமந்தாள்.

மாமா, கோபித்துக்கொள்ளாதீர்கள். ஏழு தலைமுறை விசாரி என்கிறீர்கள். ஏழு தலைமுறைக்கு 128 பேர். உங்களுக்கு அந்த 128இல் எத்தனை பேருடைய பெயர் தெரியும்? எனக்குப் பதினைந்துகூடத் தெரியாது. அதில் பெண்கள் பெயர் நாலு. விசாரிக்கப் போகிறவர் யாரைப் போய் விசாரிப்பார்? கண்ணுக்கு எதிரே நடக்க முடியாமல் உட்கார்ந்திருக்கிற அந்தத் தம்பியைப் பார்ப்பார், வீட்டுக்கு வந்து தலையை ஆட்டுவார். அந்தத் தம்பிக்கு என்ன என்று யாராவது கேட்டோமா? பிரசவத்தில் மூச்சு முட்டியதாலா, காய்ச்சலாலா, மரபணுவாலா, எதுவும் தெரியாது. அப்படியே மரபணு என்றாலும் அவன் அக்காவுக்கு அது இருக்கிறதா, நம் பையனிடமும் அதே பழுது இருக்கிறதா என்று பார்க்காமல் ஒன்றும் சொல்ல முடியாது. உண்மையிலேயே பயம் என்றால் இரண்டு பேரும் சேர்ந்து மரபியல் ஆலோசனைக்குப் போகட்டும். பெரிய அரசு மருத்துவக் கல்லூரிகளில் போய்க் கேட்டால் வழி சொல்வார்கள். நானே கூட வருகிறேன், பஸ் செலவும் என்னுடையது. இரண்டு பேரும் என்றுதான் சொல்கிறேன். பெண்ணை மட்டும் அனுப்பினால் நான் வரமாட்டேன்.

இன்னொரு விஷயமும் சொல்லியாக வேண்டும், சிலருக்குக் கசக்கும். அந்நியத்தில் பெண் எடுக்கப் பயந்து சொந்தத்துக்குள்ளேயே சுற்றிச் சுற்றிக் கொடுத்துக்கொள்கிறோமே, ஒரே தாத்தாவின் பழுது இரண்டு பக்கமும் வந்து சேர்வதற்கு அதைவிட நல்ல வழி கிடையாது. சாம்பியனின் பேரனுக்குப் பேத்தியைச் சேர்த்த குதிரைக்காரர்கள் செய்த அதே வேலை. வம்சம் பார்க்கிறோம் என்று சொல்லிக்கொண்டே வம்சத்துக்கு நாமே குழி வெட்டுகிறோம். நானும் என் தங்கை கல்யாணத்தில் பந்தல்கால் நட்டவன்தான், அதனால் சொல்ல எனக்கு உரிமை இருக்கிறது.

மாமா, அந்த வீடியோவைக் குழுவிலிருந்து எடுத்துவிடுங்கள். எடுக்க மனசில்லை என்றால் இந்தப் பதிவை அதன் கீழேயே போடுங்கள், படித்தவர்கள் முடிவு செய்யட்டும். பையனின் அப்பாவோடு ஞாயிற்றுக்கிழமை காலை பத்து மணிக்கு நான் பேசுவதாக இருக்கிறேன். நீங்களும் வந்தால் சந்தோஷம். உங்களுக்குப் பிடித்த முறுக்கு இருக்கிறது.

கால்நடை மருத்துவர் அம்மணி, நான் எங்காவது தப்பாக எழுதியிருந்தால் சங்கடப்படாமல் கீழே திருத்து. வாத்தியார் என்று தயங்காதே, சிவப்பு மை போட்டுக்கொள்.

தங்கச்சி, படித்து முடித்ததும் ஒரு போன் பண்ணு. பத்து மணி வரை விழித்திருப்பேன்.